எங்கே இறந்தால் என்ன?

"மருத்துவமனையில் இறந்தால் என்ன, முதியோர் இல்லத்தில் இறந்தால் என்ன, அவர்கள் இறந்துவிட்டார்கள்" என்ற பொருளில் 2021 ஜனவரியில் பேசினார் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ. கேட்க மனிதாபிமானமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த வேறுபாட்டை வைத்துக் கணக்கெழுதியதே அவரது அரசுதான்.

இல்லத்தின் கட்டிலில் இறந்தவர் மட்டுமே இல்லக் கணக்கில் வந்தார். அங்கே கொரோனா தொற்றி, மூச்சுத்திணறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு இறந்தவர் அந்தக் கணக்கில் இல்லை. அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸின் அறிக்கை ஜனவரி 28 அன்று இதை அம்பலப்படுத்தியது. அன்றே சுகாதாரத் துறை சுமார் 3,800 மரணங்களைச் சேர்த்தது. எண்ணிக்கை 12,700-ஐத் தாண்டியது.

மாநிலத்தின் மொத்த மரணங்கள் மாறவில்லை. மாறியது பொறுப்பு. கொரோனா உறுதியானவர் என்பதற்காக மட்டும் யாரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2020 மார்ச் 25 அன்று இல்லங்களுக்கு ஆணையிட்டது இதே அரசு. அடுத்த மாதமே இல்ல முதலாளிகளுக்கு வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. போதிய ஊழியர்கள் இல்லாத இல்லங்களில் இறப்பு விகிதம் கூடுதல் என்கிறது அதே அறிக்கை. கறுப்பின, லத்தீன் மக்கள் கணிசமாக வாழ்ந்த இல்லங்களை அமெரிக்கா முழுவதும் தொற்று கடுமையாகத் தாக்கியது.

ஒரு மரணத்தை எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பது எழுத்தர் வேலை அல்ல, அரசியல். இறந்த இடத்தோடு வாழ்ந்த இடத்தையும் எழுதச் சொல்வோம். யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.