கார்பன் பாத்தீங்களா மக்களே?

கம்யூட்டேட்டர் படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொன்னா, நம்மில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கிட்டே வரைஞ்சிடுவோம். ஆனா வொர்க்‌ஷாப்ல ஆங்கிள் கிரைண்டர் திடீர்னு நின்னுட்டா நாம சொல்ற முதல் வார்த்தை, "போச்சுடா, புதுசு வாங்கிடலாம்." புதுசு வாங்குறது தப்பே இல்ல. எது போச்சுன்னே தெரியாம வாங்குறதுதான் தப்பு.

வீட்ல மிக்சி நின்னா அம்மா என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ஜாரை எடுத்து மாட்டிப் பாப்பாங்க. அடியில இருக்கிற ஓவர்லோடு பட்டனை அமுக்கிப் பாப்பாங்க. அப்பவும் ஓடலன்னா தெருமுனை ரிப்பேர் கடை. "கார்பன் தேஞ்சிருக்கும்மா"ன்னு அவர் மாத்திக் கொடுப்பார். அந்த மிக்சி இன்னும் சில வருஷம் சட்னி அரைக்கும். மிக்சிலயும், ஒயர் வெச்ச டிரில்லிங் மெஷின்லயும், ஆங்கிள் கிரைண்டர்லயும் பெரும்பாலும் இருக்கிறது ஒரே யுனிவர்சல் மோட்டார்தான். சமையலறையில ஃபால்ட் ஃபைண்டிங் நடக்குது, எஞ்சினியரிங் காலேஜ்ல நடக்கல.

இந்த மோட்டார்ல சுத்துற ஆர்மேச்சருக்கு கரண்ட் கொண்டு போறது ரெண்டு கார்பன் பிரஷ். ஸ்பிரிங் அதைக் கம்யூட்டேட்டர் மேல அழுத்திக்கிட்டே இருக்கும். உரசி உரசித் தேயுறதுக்குன்னே வெச்ச பாகம் அது. ஒரு அளவுக்கு மேல தேஞ்சா ஸ்பிரிங் எட்டாது. மெஷின் விட்டு விட்டு ஓடும், தட்டினா ஓடும், அப்புறம் அடியோட நின்னுடும். மெஷின் செத்துப் போன மாதிரி தெரியும். ஆனா ஒரு ஜோடி கார்பனோட விலை, புது மெஷின் விலையில ஒரு சின்னப் பங்குதான்.

அதனால வரிசையா பாருங்க. முதல்ல சாக்கெட்ல வேற ஏதாவது மாட்டி, கரண்ட் வருதான்னு பாருங்க. அப்புறம் பிளக்கைக் கழட்டிட்டு, மல்டிமீட்டரை பிளக்கோட லைன், நியூட்ரல் பின் ரெண்டுலயும் வெச்சு, சுவிட்சை ஆன் பண்ணுங்க. ஸ்பீடு கண்ட்ரோல் இல்லாத கிரைண்டர்னா சில ஓம்ஸ் காட்டணும். ஓபன்னு காட்டினா ஒயர், சுவிட்ச், கார்பன், வைண்டிங் இந்த நாலுல ஒண்ணு. ஒயர் மெஷினுக்குள்ள நுழையுற இடத்துல அடிக்கடி மடங்கி உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கும். அங்க ஆட்டிப் பாருங்க. அடுத்து கார்பனைக் கழட்டி நீளம் பாருங்க. கரண்ட் போய் மோட்டார் உறுமுது, ஆனா சுத்தலன்னா, பிளக்கைக் கழட்டிட்டுக் கையால சுத்திப் பாருங்க. பேரிங்கோ கியரோ இறுகியிருக்கலாம். இதெல்லாம் அரை மணி நேர வேலை.

"அடுத்த வாரம் எக்ஸ்போ, இதுக்கெல்லாம் எங்க ப்ரோ நேரம்?"னு கேப்பீங்க. ஆர்டர் போட்டு, பில்லுக்குக் கையெழுத்து வாங்கி, பொருள் கைக்கு வர்றதுக்கு ஆகுற நாளை எண்ணிப் பாருங்க. அந்த அரை மணி நேரம் பெருசா தெரியாது.

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணியே தீரணும்னும் நான் சொல்லல. கம்யூட்டேட்டரைச் சுத்தி நெருப்பு வளையம் மாதிரி பொறி பறந்து, கருகின வாடையும் வந்தா ஆர்மேச்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சின்ன கிரைண்டருக்குப் புது ஆர்மேச்சரும் கூலியும் சேர்ந்தா புதுசோட விலையில பாதியைத் தாண்டிடலாம். அப்போ மாத்துறதுதான் புத்திசாலித்தனம். பாடி விரிசல் விட்டிருந்தா யோசிக்கவே வேண்டாம். 100 மில்லிமீட்டர் டிஸ்க் 11,000 ஆர்பிஎம்ல சுத்தினா அதோட விளிம்பு மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்துல போகுது. கார்டு இல்லாத கிரைண்டரைக் கார்டு மாட்டுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தூக்கிப் போடுறதையும் குப்பைத் தொட்டியில போடாதீங்க. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த இ-வேஸ்ட் விதிகள்ல எலக்ட்ரிக் டூல்ஸும் அடக்கம். பதிவு பெற்ற ரீசைக்கிளர்கிட்டதான் போகணும்.

நம்ம கிளப்களுக்கு என் யோசனை ஒண்ணுதான். ஓடாத ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு அட்டை கட்டுங்க: என்ன அறிகுறி, மீட்டர் என்ன காட்டிச்சு, எந்த பாகம் போச்சு, அந்த பாகம் என்ன விலை. அந்த அட்டை இல்லாம புது மெஷினுக்கு ஃபண்ட் கிடையாதுன்னு முடிவு பண்ணுங்க. அந்த ஃபண்ட் ஜூனியர்ஸ் சந்தாவும் சேர்ந்தது. மிச்சமாகுற காசுல அவங்களுக்கு இன்னொரு மோட்டாரோ சென்சாரோ வாங்கலாம்.

நாளைக்கு ஃபேக்டரியில நம்மகிட்ட யாரும் கம்யூட்டேட்டர் படம் கேக்கப் போறதில்ல. "லைன் நின்னுடுச்சு, என்ன பிரச்சனை?"னுதான் கேப்பாங்க. லேப் மூலையில கிடக்கிற அந்த டிரில்லை இந்த வாரமே எடுத்துப் பாருங்க. முதல்ல பிளக்கைக் கழட்டுங்க.