நூற்களவு தமிழ்த்தொண்டு ஆகாது!

அச்சேறி ஒரு திங்கள்கூட நிரம்பாத தமிழ்நூல், பக்கம் பக்கமாக ஒளிவருடப்பெற்று மின்படியாகிக் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கின்றது. அதனை அனுப்புவோர் அனைவரும் கொள்ளையர் அல்லர்; தமிழ்ப்பற்று உடையோரும் அவருள் உளர். ‘தமிழ் பரவட்டுமே’ என்பது அவர் கூறும் கரணியம். அக்கரணியம் அறத்தின் முன் நிற்குமா?

நூலொன்றை எழுதுவோன் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றான். மெய்ப்புத் திருத்துவோரும் அச்சிடுவோரும் கட்டடம் செய்வோரும் அதற்கெனப் பாடுபடுகின்றனர். தமிழ்நூல்கள் பல சில நூறு படிகளே அச்சாகின்றன. விலையில் பத்தில் ஒரு பங்கே ஆசிரியர்க்கு வழக்கமாகக் கிடைப்பது. 200 உருபா நூலுக்கு 20 உருபா! இத்தகைய சிறு பதிப்பில் நூறு படிகள் விலைபோகாமல் நின்றாலும் போட்ட முதல் திரும்பாது. அடுத்த நூல் அச்சேறாது.

திரைப்படக் கள்ளப்படிக்கு மூன்றாண்டு வரை சிறையும், படத்தின் ஆக்கச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை தண்டத்தொகையும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விதிக்கின்றது. நூலுக்கும் சட்டக்காப்பு உண்டு. ஆனால், திரை முதலாளியைப்போல் வழக்காடும் பொருள்வலி சிறு பதிப்பாளர்க்கு ஏது? அவர்க்கு உள்ள ஒரே காப்பு, படிப்போரின் நேர்மையே.

தமிழ் பரவ நேரிய வழிகள் இல்லாமற் போகவில்லை. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு 1949-இல் உரியவர்க்குப் பணம் கொடுத்தே பெற்றது. பின்னரே அவை மக்களுக்குப் பொதுவாயின. இன்றும் தமிழக அரசு அறிஞர் நூல்களை நாட்டுடைமையாக்கும்போது, அவர்தம் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்குகின்றது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவர் நூல் அனைவர்க்கும் பொது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூலாக்கி விலையின்றி வழங்குகின்றது. அது தொண்டு! உடையவர் உவந்து கொடுப்பது கொடை. உடையவர் அறியாமல் எடுப்பது களவு. இரண்டும் ஒன்றாகா.

‘கையில் பொருளில்லா மாணவன் என்செய்வான்?’ என்பர். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியாக, வீட்டுவரியோடு நூலக வரியும் மக்களிடமிருந்து பெறப்படுகின்றது. வேண்டும் நூலை வாங்கி வைக்குமாறு ஊர் நூலகத்தைக் கேட்கலாம். நண்பரிடம் இரவல் பெறலாம். பதிப்பு நின்றுபோன நூலாயின், உரியவரின் இசைவைக் கேட்டுப் பெறலாம். ஒரு படியைப் பத்துப்பேர் படிப்பது களவன்று. ஒரு படியை உடையவர் இசைவின்றிப் பதினாயிரம் ஆக்குவதே களவு.

கள்ளாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். பிறர் பொருளைக் கவர எண்ணுவதே தீது என்ற அவர் நூலைப் போற்றிக்கொண்டே, இன்றைய எழுத்தாளனின் கூலியைப் பறிப்பது எவ்வகைப் பற்று? எழுதுவோனைப் பட்டினியிட்டு மொழியை வளர்க்க எண்ணுவது, வேரில் வெந்நீர் ஊற்றிவிட்டுக் கனிக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

தமிழன்பர்களே! உங்கள் கைக்கு வரும் களவுப்படியை அடுத்தவர்க்கு அனுப்பாது அழியுங்கள். திங்களுக்கு ஒரு நூலேனும் விலைகொடுத்து வாங்குங்கள். எழுதுவோன் வாழ்ந்தால்தான் எழுத்து வாழும். எழுத்து வாழ்ந்தால்தான் தமிழ் வாழும்!