'சிஸ்டம்' வாங்கும் முன் யோசிங்க

சிராங்கூன் ரோட்டுக் கோயில்களில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது இளையர்கள் இப்போ கேட்பது, "இடிஎஃப் வாங்கி விற்க எந்த சிஸ்டம் நல்லது?"

தொண்டூழியர்களான எங்கள் கருத்து: புதுசா தொடங்குறவங்களுக்கு "வாங்கு, வில்" என்று தினமும் தகவல் அனுப்பும் சிஸ்டம் வேண்டாம். மாதம் ஒரே தேதி, ஒரே தொகை. அதுவே போதும். 2002 முதல் நம் சந்தையில் இருக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு இடிஎஃப், 30 பெரிய நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போடுகிறது. வங்கியின் மாதாந்தரத் திட்டத்தில் 100 வெள்ளியிலேயே தொடங்கலாம்.

கட்டணத்தைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் தரகு 10 வெள்ளி என்றால், 100 வெள்ளியில் பத்தில் ஒரு பங்கு வாங்கும்போதே போயிடும்.

இதுவும் இறங்கும். 2008ல் அந்தக் குறியீடு ஏறக்குறையப் பாதியானது. கல்யாணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் வைத்த பணத்தைத் தொடாதீங்க.

கோயில் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "நிச்சய லாபம்" என்றால், அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கான்னு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் பாருங்க. சந்தேகமா? 1799க்குக் கூப்பிடுங்க. நெற்றியில் விபூதி இருப்பதால் மட்டும் யாரையும் நம்பிப் பணம் போடாதீங்க. பக்தி வேறு, பணம் வேறு.

அம்பாள் துணை.