சொறிநாய் என்று துரத்துமுன்

மாங்கேணியில் எமது வீட்டு முற்றம் முழுவதும் மணல். அதிலே குழி பறித்துப் படுத்துறங்குவதே எங்கள் மணியனுக்குப் பேரின்பம். சென்ற ஆண்டு ஒருநாள் தொடங்கி அந்த நாய் இரவெல்லாம் உறங்காது வாலின் அடியையே கடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துள் இடுப்பின்மேல் உரோமம் உதிர்ந்தது. தோல் சிவந்து நீர் கசிந்தது. தெருவாற் போனவர்கள் "சொறிநாய்" என்றனர். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்படி ஒருவர் யோசனை கூறினார். இரக்கமுள்ள வேறொருவர் உழவு இயந்திரத்துக் கழிவு ஒயிலைப் பூசச் சொன்னார். வகுப்பிலே "ஆராய்ந்து செய்யுங்கள்" என்று போதிக்கும் நான், ஆராயாமலே பூசினேன். நாய் அதனை நக்கிற்று; மறுநாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பின்னரே மிருக வைத்தியரிடம் ஓடினோம். ஒயிலைப் போக்கி, நாய் சற்றுத் தேறியபின், அவர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தார்; சொறிப்பூச்சி இல்லை. அடுத்து, நனைத்த வெள்ளைத் தாளின்மேல் உரோமத்தைச் சீப்பினால் வாரினார். விழுந்த கரும்பொடி ஈரத்திற் கரைந்து செந்நிறமாயிற்று. அது தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். "இது ஒவ்வாமை" என்றார்.

ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்னும் சொல்லை வியன்னா நகர வைத்தியர் பிர்க்கே 1906இல் மனிதரைக் கருதியே ஆக்கினார். நாய்க்கும் அது உண்டு. தெள்ளின் உமிழ்நீரை ஏற்காத நாய்க்குச் சில கடிகளே போதும். "எங்கள் நாயிலே தெள்ளே இல்லையே" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரிப்புள்ள நாய் தன்மேலுள்ள தெள்ளைத் தானே நக்கி விழுங்கிவிடும்.

அரிக்கும் இடமே பாதி விடை கூறும். வாலடியும் பின்தொடையுமாயின் பெரும்பாலும் தெள்ளு. பாதம், காது, அக்குள், வயிறு ஆகிய இடங்களாயின் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சணம் ஆகியவற்றை ஐயுறலாம். இவ்வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையே தொடங்கும். காதோரமும் முழங்கையும் அரித்து, வீட்டாருக்கும் அரிப்பு வந்தால் அது மெய்யான சொறியாகலாம். ஆயினும் குறிகள் ஒன்றோடொன்று கலந்து வருவதால் முடிவை வைத்தியரிடமே விடுதல் நன்று.

தெள்ளை நாயின்மேல் மட்டும் தேடிப் பயனில்லை. முட்டைகள் உதிர்ந்து நிழல் மணலிலும் கிடுகுக்கடியிலும் சாக்கு மடிப்பிலும் பொரிக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்காய்க் காத்திருக்கவும் வல்லது. ஆகவே வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் குறைந்தது மூன்று மாதம் மருந்திட வேண்டும். படுக்கும் சாக்கை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலிற் காயவிட வேண்டும். நாய்க்குரிய மருந்தைப் பூனைக்கு இடாதீர்கள். அவற்றிற் சிலவற்றில் உள்ள பெர்மெத்திரின் பூனையைக் கொன்றுவிடும்.

உணவு ஒவ்வாமையை அறிவதுதான் எம்மூரிற் பெரும்பாடு. இதுவரை தின்றறியாத ஒரு புலால் வகையை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, குணங்கண்டபின் பழைய உணவை மீளக் கொடுக்க வேண்டும். அரிப்புத் திரும்பினாற்றான் காரணம் உறுதி. நம் நாய்களோ மீனும் சோறும் தின்றே வளர்ந்தவை. மீன் இங்கே புதிய உணவாகாது. இடையிலே ஒருநாள் கரைவலை இழுக்குமிடத்துக்கு ஓடி ஒரு மீன்தலையைக் கவ்விவிட்டால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அக்காலத்திற் கட்டி வைத்தே வளர்க்க வேண்டும்.

ஸ்டீரொயிட் மாத்திரை ஓரிரு நாளில் அரிப்பை அடக்கும். அதனாலேயே பலர் பழைய துண்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குகின்றனர். தாகமும் பசியும் மிகும். நாளடைவில் நோயெதிர்ப்பும் தளரும். ஒவ்வாமையை வேரோடு களைவது அரிது, அடக்கி வைக்கலாம்.

மணியனுக்கு உரோமம் மீண்டும் வளர்ந்துவிட்டது. வாலடியில் உள்ளங்கை அளவு மட்டும் இன்னும் வெறுமை. ஒயில் பூசச் சொன்ன அன்பரோ, நாய் பிழைத்தது தம் ஒயிலின் குணத்தினாலேயே என்று இன்றும் சந்தியில் நின்று சொல்லி வருகிறார்.