முதலில் உயரத்தைக் கேளுங்கள்

"ஆறடி தொட்டி ஒண்ணு போடணும்ணா. எவ்ளோ ஆவும்?"

கொடுங்கையூரிலும் எருக்கஞ்சேரியிலும் கொளத்தூரிலும் தொட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தினமும் வரும் கேள்வி இது. நாமும் கை வேலையை நிறுத்தாமலே விலையைச் சொல்லிவிடுகிறோம். நாலடிக்கு 8 எம்.எம்., ஆறடிக்கு 10 எம்.எம். என்று பல பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு ஓடுகிறது. அதில் நீளம் இருக்கிறது, கண்ணாடியின் கனம் இருக்கிறது. தண்ணீரின் உயரத்தைக் காணோம்.

கப்பியும் மோலியும் விற்ற காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. இரண்டடி நீளம், ஓரடி உயரம். எந்தக் கண்ணாடியை ஒட்டினாலும் நின்றது. இப்போது அரோவானா வளர்க்கிறவரும் செடித்தொட்டி வைக்கிறவரும் இரண்டடி, இரண்டரை அடி உயரம் கேட்கிறார்கள். பழைய வாய்ப்பாட்டை இதற்கும் நீட்டினால் கணக்கு தப்பிவிடும்.

தொட்டியின் எந்த ஆழத்திலும் அழுத்தத்தை முடிவு செய்வது அதற்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் மட்டுமே. தொட்டி நாலடியா, நாற்பது அடியா என்பது தண்ணீருக்குத் தெரியாது. உயரம் கூடும்போது இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. அடியில் அழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கண்ணாடியின் வீச்சும் அகலமாகிறது. இதனால் கண்ணாடிக்குள் ஏறும் வளைவு இறுக்கம் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. இரண்டடியை இரண்டரை அடியாக்கினால் உயரம் கால் பங்குதான் கூடுகிறது. இறுக்கம் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒன்றரை அடியை இரண்டடியாக்கினால் இரண்டே கால் மடங்குக்கும் மேல். நீளத்தின் பங்கு சிறியது: உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் வந்துவிட்டால் அதற்குமேல் எவ்வளவு நீட்டினாலும் இறுக்கம் அநேகமாக ஏறுவதில்லை. இரண்டடி உயரத்தில் ஆறடித் தொட்டிக்கும் எட்டடித் தொட்டிக்கும் ஒரே கனம் போதும் என்றால் பலர் நம்புவதில்லை. கணக்கு அதைத்தான் சொல்கிறது.

சாதாரண ஃப்ளோட் கண்ணாடி, மேலே பட்டை இல்லாத திறந்த தொட்டி, பாதுகாப்பு மடங்கு 3.8 என்று வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் 45 செ.மீ. நின்றால், நீளமான தொட்டிக்கு 8.2 எம்.எம். வேண்டும், 8 எம்.எம். மயிரிழையில் தோற்கிறது, 10 எம்.எம். வாங்க வேண்டும். 60 செ.மீ. உயரத்தில் நாலடித் தொட்டிக்கு 11.7, ஆறடித் தொட்டிக்கு 12.6. 75 செ.மீ. உயரத்தில் ஆறடித் தொட்டிக்கு 17. கடையில் கிடைக்கும் கனத்தில் அது 19 எம்.எம்.

"ஆறடிக்கு 10 எம்.எம். போட்டு எத்தனையோ தொட்டி நிக்குதே?" என்று கேட்பீர்கள். நிற்கிறது. 60 செ.மீ. தண்ணீரில் அந்தத் தொட்டியின் பாதுகாப்பு மடங்கு 3.8 அல்ல, சுமார் 2.4. அதே 10 எம்.எம். கண்ணாடியில் உயரத்தை 75 ஆக்கினால் 1.3. நிற்பது வேறு, நிற்கும் என்று எழுதிக் கொடுப்பது வேறு.

3.8 என்பது பயந்தாங்கொள்ளிக் கணக்கு அல்ல. கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் இருக்கும் கீறலிலிருந்து. 1921இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் இதைக் காட்டினார்: கண்ணாடியின் உள்ளார்ந்த பலத்தில் ஒரு சிறு பங்குதான் நமக்குக் கிடைக்கிறது, மீதியைக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தின்றுவிடுகின்றன. நம் தொழிலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இறுக்கத்தில் இருக்கும் கீறலின் நுனியைத் தண்ணீரும் காற்றின் ஈரமும் மெல்ல மெல்ல அரித்து நீட்டுகின்றன. ஒரு மணி நேரம் தாங்குகிற சுமையை அதே கண்ணாடி பத்து வருஷம் தாங்காது. ஆகவே ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைக்கும் சோதனை ஒட்டைத்தான் சோதிக்கிறது, கண்ணாடியை அல்ல. ஒட்டு கசிந்தால் தரை நனையும். கண்ணாடி விட்டால் நடு ராத்திரியில் 600 லிட்டர் தண்ணீர் கூடத்துக்கு வரும்.

என் பட்டறையிலும் இது நடந்திருக்கிறது. இரண்டடிக்கு என்று அறுத்து வைத்திருந்த நேரத்தில் வாடிக்கையாளர் அரை அடி கூட்டச் சொன்னார். கனத்தை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றி ஒட்டிக் கொடுத்தேன். எட்டு மாதம் நின்றது. பிறகு முன்பலகை கீழ் மூலையிலிருந்து கோணலாகப் பிளந்தது. ஆளுக்கு அடி இல்லை, மீன் எல்லாம் போயிற்று. அந்த மூலையில் ஓரம் தேய்க்காத ஒரு சிறு சில்லு இருந்தது. குற்றம் சில்லின் மேல் என்று அன்று சொல்லிக்கொண்டேன். சில்லு எல்லாத் தொட்டியிலும் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது காயலான் கடைக் கண்ணாடி. நம் பக்கத்தில் பழைய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். ஷோரூம் கதவு, இடித்த கட்டடத்தின் ஜன்னல், மேஜைப் பலகை. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில், உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு எடுக்கும் ஃப்ளோட் கண்ணாடிக்குக் கனம் சீராக இருக்கும். அதற்கு முந்திய முறையில் இழுத்தெடுத்த பழைய ஜன்னல் கண்ணாடிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதோடு வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து ஏறிய கீறலும் கூடவே வரும். ஓரடித் தொட்டிக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்றரை அடிக்கு மேல் புதுக் கண்ணாடிதான். புதுக் கண்ணாடியையும் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். 12 எம்.எம். பலகையில் 0.3 முன்னே பின்னே இருப்பது தரத்துக்கு உட்பட்டதே. அதற்குமேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

டஃபன் கண்ணாடியைச் சர்வரோக நிவாரணி மாதிரி பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு பலம் என்பது உண்மை. ஆனால் சூளைக்குப் போய் வந்த பிறகு அதை அறுக்க முடியாது, துளை போட முடியாது. பலம் கூடினாலும் விறைப்பு கூடுவதில்லை. அதே கனத்தில் அதே அளவுதான் வளையும். அந்த வளைவைத் தாங்க வேண்டியது சிலிகான். உடைந்தால் கீறலோடு நிற்காது, முழுப் பலகையும் சர்க்கரை போலக் கொட்டிவிடும். சாதாரணக் கண்ணாடி பல சமயம் ஒரு கோடாகப் பிளந்து, தண்ணீரை இறைக்க நமக்கு நேரம் கொடுக்கும். ஆகவே டஃபன் என்று சொல்லிக் கனத்தைக் குறைப்பதை நான் ஏற்கவில்லை. பழைய பலகை டஃபனா என்று சந்தேகம் வந்தால் மூலையில் முத்திரை தேடுங்கள்; இல்லையென்றால் போலராய்டு குளிர்க்கண்ணாடி போட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், திட்டுத் திட்டாக நிழல் தெரியும்.

மேல்பட்டை நல்லதுதான். முன்பலகையின் வயிறு தள்ளாமல் பிடித்துக்கொள்ளும். 12.6 வேண்டிய இடத்தில் 12 எம்.எம். பலகையும் நல்ல பட்டையும் போட நானும் சம்மதிப்பேன். பட்டையை நம்பி 10க்கு இறங்க மாட்டேன். பட்டை ஒருநாள் ஒட்டு விட்டால் கண்ணாடி மறுபடி திறந்த தொட்டிக் கணக்குக்கே வந்து நிற்கும்.

எண்ணூர், திருவொற்றியூர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் இரும்பு ஸ்டாண்டு துருப்பிடித்து ஒரு கால் இறங்கினால், எந்தக் கனக் கண்ணாடியும் முறுக்குக்குத் தாங்காது. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 680 கிலோ, 12 எம்.எம். கண்ணாடி 120 கிலோவுக்கு மேல். ஒரு சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டுகிறது. வீட்டுத் தளத்துக்குப் பொறியாளர்கள் வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. மாடி வீடு என்றால் உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் இறக்காதீர்கள்.

2022 டிசம்பரில் பெர்லினில் ஹோட்டல் ஒன்றின் நடுக்கூடத்தில் இருந்த பத்து லட்சம் லிட்டர் மீன்தொட்டி வெடித்தது. அது அக்ரிலிக், நம் கண்ணாடி அல்ல. சில்லுகளைப் பொறுக்கி ஆராய்ந்த நிபுணராலும் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் தொட்டி ஒன்று விட்டால் காரணம் தேட யார் வரப்போகிறார்கள்? ஆகவே ஒரு வேண்டுகோள். ஒட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு பெரிய தொட்டியின் பின்பலகையிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: கண்ணாடியின் வகை, அளந்து பார்த்த கனம், தண்ணீர் நிற்கக்கூடிய அதிகபட்ச உயரம், சிலிகான் போட்ட தேதி. விலைச் சீட்டு அச்சடிக்கும்போது நீளத்துக்கு முன்னால் உயரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை விலை சொல்லாதீர்கள்.