லோரியில் ஏற்றுவதற்கு முன்

கொஞ்சம் காரமாத்தான் எழுதுகிறோம், பொறுத்துக்கோங்க.

கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயம் எந்த வருஷத்தது என்று கேட்டால், 1873, தம்புசாமிப் பிள்ளை காலம் என்று பலரும் சொல்வோம். ஆனால் துன் எச்.எஸ். லீ சாலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரத்துக்கு அந்த வயசு கிடையாது. அது 1970களில்தான் முடிந்தது. ஆலயமே 1885-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது. அப்போ 1873-ஐ நமக்குச் சொல்வது கல்லா, சிமெண்டா? எழுதி வைத்தவர்களும் அதைத் தூக்கிப் போடாதவர்களும்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே பார்த்தாலும் திருப்பணி. நல்லதுதான், யார் வேணாம்னு சொன்னா? ஆனால் திருப்பணி என்றதும் முதலில் லோரியில் ஏறுவது எது? பழைய உபயகாரர் பலகை, கரையான் தொட்ட கூட்டக் குறிப்பேடு, கண்ணாடி உடைந்த படங்கள். நாங்கள் தொண்டு செய்த ஓர் ஆலயத்தில், தோட்டத்து ஜனங்கள் சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்த சந்தாக் கணக்குப் புத்தகமே அப்படிப் போனது. கேட்டதற்கு, "அது பழைய குப்பை தம்பி" என்றார்கள்.

குப்பையா? 2025 தொடக்கத்தில் மஸ்ஜித் இந்தியா பகுதி தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரத்தில் நாடே கேட்டது என்ன? எப்போதிருந்து இருக்கிறது, நிலம் யாருடையது? 130 வருஷம் என்று நாம் சொன்னோம். கடைசியில் பக்கத்திலேயே வேறு நிலத்துக்கு மாறுவது என்று முடிவானது. நாளைக்கு அதே கேள்வி நம்ம ஆலயத்துக்கு வந்தால், புது டைல்ஸைக் காட்டுவோமா?

"சரித்திரத்தைப் பார்த்துக்கத்தான் சங்கம் இருக்கே" என்கிறார்கள் சிலர். இருக்கு. பாடான் வாரிசான் 1983-இலிருந்து பழைய கட்டடங்களுக்காகப் பேசி வருகிறது. 2014-இல் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தில் அடுக்குமாடித் திட்டம் என்றதும் ஊரே திரண்டது. ஏன்? ஆசிரமம் சாலையோரம் எல்லார் கண்ணிலும் படுகிறது. நம்ம ஸ்டோர் ரூம் அலமாரியில் தமிழில் எழுதிய நோட்டு யார் கண்ணில் படும்? அது இருப்பதே நமக்கு மட்டும்தான் தெரியும்!

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: பலகையை இறக்குவதற்கு முன் படம் எடுங்கள். குறிப்பேடுகளைத் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள்.

பக்தர்களே, வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பழைய ரசீது, திருவிழா நோட்டீஸ், பாட்டி தாத்தா கல்யாணப் படம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. மணமக்களுக்குப் பின்னால் பழைய மண்டபத் தூண் தெரிந்தாலே போதும். அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தந்துவிடுவோம்.