எலிக்குக் கேட்ட மருந்து மனிதருக்குக் கேட்குமா? ‘பிபிசி-157’ ஊசியின் மறுபக்கம்

ஜிம்மில் தோள்பட்டை பிடித்துக்கொண்டால் முன்பெல்லாம் ஐஸ் ஒத்தடம், ஓய்வு, பிசியோதெரபி. இப்போது அமெரிக்க பாட்காஸ்ட்களிலும் ஃபிட்னஸ் வீடியோக்களிலும் கேட்பது வேறு: ‘பிபிசி-157 போட்டுக்கோ ப்ரோ, சீக்கிரம் சரியாயிடும்!’

பெயரைப் பார்த்து செய்தி சேனல் என்று நினைத்துவிட வேண்டாம். இது 15 அமினோ அமிலங்களைக் கோத்து ஆய்வகத்தில் செய்யப்படும் பெப்டைடு. வயிற்றில் சுரக்கும் நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டுதான் இதற்கு மூலம் என்கிறார்கள். குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச் குழு 1990-களில் இருந்தே இதை ஆராய்கிறது. எலிகளின் குதிகால் தசைநாரை அறுத்து, இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காயம் வேகமாக ஆறியது. புதிய ரத்தக் குழாய்களை முளைக்கவைப்பது ஒரு காரணமாம். தசைநாருக்கு ரத்த ஓட்டமே குறைவு என்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

சரி, மனிதருக்கு? அங்கேதான் கதை நின்றுபோகிறது. 2015-ல் ஆரோக்கியமான 42 பேரை வைத்துப் பதிவான பாதுகாப்புச் சோதனையின் முடிவு வெளியாகவே இல்லை. முழங்கால் வலிக்கு ஊசி போட்ட ஒரு சிறிய ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழுவே கிடையாது. பல காயங்கள் நாள்பட தானாகவே ஆறும். அதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. புற்றுநோய்க் கட்டியும் புதிய ரத்தக் குழாய்களை நம்பித்தான் வளர்கிறது. இந்த ஊசியால் அப்படி ஆகும் என்று நிரூபணம் இல்லை. ஆகாது என்றும் இல்லை.

ஆனாலும் ஆன்லைனில் குப்பி குப்பியாக விற்கிறார்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று லேபிளில் ஒரு வரி. விற்பவருக்கு அது கவசம். ஆராய்ச்சி என்றால் யாராவது குறிப்பெடுக்க வேண்டுமே? வீட்டில் தனக்குத் தானே குத்திக்கொள்பவரின் உடம்பில் என்ன நடந்தாலும் எழுதிவைக்க ஆள் இல்லை. காசும் கொடுத்து, சோதனை எலியாகவும் இருப்பதுதான் இந்த வியாபாரம்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023-ல் இதைப் பாதுகாப்புக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2022-லேயே தடை செய்துவிட்டது. ‘காயத்துக்குத்தான் சார் போட்டேன்’ என்ற சமாதானம் எந்த நாட்டு வீரருக்கும் எடுபடாது.

குதிகால் தசைநார் வலிக்கு, குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் 12 வாரப் பயிற்சியை ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் முன்வைத்தார். அது மனிதர்களிடமே பலமுறை சோதிக்கப்பட்டது. தினமும் செய்ய வேண்டும், செம போர். அதனாலோ என்னவோ, அதற்கு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.